டைஅசிட்டைல் இல்லை

2017 ஆடி மாதம் நான் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எசென்ஸ் சான்றிதழ் ஒன்றில் மொத்தம் நான்கு வரிகள். மூன்றாவது வரி, ‘டைஅசிட்டைல் இல்லை’. அது பொய்யல்ல. அந்த எசென்ஸில் டைஅசிட்டைல் ஒரு சொட்டுகூடக் கிடையாது. நான்தான் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றைச் சேர்த்தேன். சேர்த்ததன் பெயரை எழுதவில்லை. அதுவும் மூச்சுக்குழாயை அதே மாதிரி கெடுக்கக்கூடியது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் எழுதாமல் விட்டேன்.

பிறந்து வளர்ந்தது திருநின்றவூரில். வேதியியல் படித்துவிட்டு, 2008இல் காக்களூர் பக்கம் எசென்ஸ் கலக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். ஒரு ஷெட், நான்கு மிக்ஸிங் டேங்க், ஏசி போட்ட ஸ்டோர்ஸ், அலமாரி அலமாரியாகப் பழுப்பு பாட்டில்கள். பிஸ்கட்டுக்கு வெண்ணெய் மணம், ஐஸ்கிரீமுக்கு வெனிலா, சோடாவுக்குப் பன்னீர், சிரப்புக்கு ஆரஞ்சு. க்யூ.சி. கெமிஸ்டாகத் தொடங்கி, நான்கைந்து வருஷத்தில் ஃபார்முலா போடுகிறவனாக ஆனேன். எந்த டேங்கில் எது எத்தனை கிராம் போகிறது என்பது எனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் முழுசாகத் தெரியும். அந்தத் தொழிலில் அது பெருமையான இடம்.

டைஅசிட்டைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெண்ணெய்க்கு அந்த மணத்தைக் கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பால் புளிக்கும்போது நுண்ணுயிர்களே அதை உண்டாக்குகின்றன. நம் வீட்டில் மத்துப் போட்டுக் கடைந்த வெண்ணெயிலும் அது இருந்தது. அந்த அளவில் வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்வதில்லை. கம்பெனிக்குக் கேனில் வருவது வேறு. மஞ்சளும் பச்சையும் கலந்த திரவம். 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் மூடியைத் திறந்த மாத்திரத்தில் ஆவி எழும். தள்ளி நின்றால் வெண்ணெய் வாசம். கேனுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனால் கண் கரிக்கும், தொண்டை கமறும்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரல் ஒரே மாதிரி கெட்டுப்போயிருப்பதாக 2000ஆம் ஆண்டு அந்த மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைகள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய். தழும்பு மறுபடி திறப்பதில்லை. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் ஆட்களை அனுப்பி, அப்போது வேலையில் இருந்த 117 பேரைப் பரிசோதித்தது. மூச்சடைப்பு எதிர்பார்க்கக்கூடிய அளவைப்போல 3.3 மடங்கு இருந்தது. வெண்ணெய் எசென்ஸைக் காய்ச்சிக் கலக்கும் அறையில் நின்றவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். பிற்பாடு கலிபோர்னியாவில், என் கம்பெனியைப் போலவே எசென்ஸ் கலக்கும் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கும் அதே நோய் வந்தது. 2004இல் ஜாஸ்பர் தொழிலாளி ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் 2 கோடி டாலர் இழப்பீடு என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. பணம் கட்டச் சொன்னது பாப்கார்ன் ஆலையை அல்ல, அதற்கு எசென்ஸ் விற்றவர்களை.

இதையெல்லாம் நான் 2011இலேயே படித்துவிட்டேன். பிரிண்ட் எடுத்து, அடிக்கோடு போட்டு, என் மேசை டிராயரில் வைத்திருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

2016 கடைசியில் பாரிமுனையிலிருந்து ஒரு பார்ட்டி வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். மரியாதையான பையன். வாய்க்கு வாய் அண்ணே. பட்டர் ஸ்காட்ச், கஸ்டர்ட், கேரமல் மூன்றும் வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அவர் போட்ட கண்டிஷன்களே சொல்லிவிட்டன. சர்க்கரை இருக்கக் கூடாது. கலர் கூடாது. எண்ணெய் துளிகூடக் கூடாது, பி.ஜி.யில் கரைந்ததாக இருக்க வேண்டும். பி.ஜி. என்பது புரோப்பிலீன் கிளைக்கால். பிஸ்கட்காரர் அடுப்புச் சூடு தாங்க எண்ணெயில் கரைந்ததைத்தான் கேட்பார். மிட்டாய்க்காரருக்குச் சர்க்கரையைப் பற்றிக் கவலையே இல்லை. இவை மூன்றும் கூடாது என்று கேட்பவன் ஒருவன்தான். சர்க்கரை இருந்தால் கம்பிச் சுருளில் கருகும். எண்ணெய் இருந்தால் நெஞ்சுக்குள் போய்த் தங்கும். அவர் தயார் செய்தது இ-சிகரெட்டுக்கு ஊற்றும் ‘ஜூஸ்’.

அளவையும் சொல்கிறேன். ஒரு கிலோ பிஸ்கட் மாவுக்கு எங்கள் எசென்ஸ் ஒன்றிரண்டு கிராம் போதும். ஜூஸில் அது பத்தில் ஒரு பங்கு வரை போகும். அதைச் சூடான கம்பிச் சுருளில் ஆவியாக்கி, ஒரு நாளைக்கு நூறு, இருநூறு இழுப்பு என்று நேராக நுரையீரலுக்கு அனுப்புவார்கள். சாப்பிட்டால் குடலும் ஈரலும் நடுவில் நிற்கின்றன. மூச்சில் போவதற்கு அந்த மாதிரிக் காவல் கிடையாது. ஃபுட் கிரேடு என்ற சொல் வயிற்றைப் பார்த்துச் சொன்ன சொல். அமெரிக்க ஃபிளேவர் தயாரிப்பாளர்களின் சங்கமே, எங்கள் பாதுகாப்புப் பட்டியல் உணவுக்கு மட்டும்தான், இ-சிகரெட்டுக்கு அதைக் காட்டாதீர்கள் என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

ஆறேழு மாதம் போன பிறகு அந்தப் பார்ட்டி கைபேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். 2015 டிசம்பரில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது. மணமூட்டிய 51 வகை இ-சிகரெட்டுகளைச் சோதித்ததில் 39இல் டைஅசிட்டைல் இருந்திருக்கிறது. “இது இல்லாம பண்ணித் தர முடியுமாண்ணே? இல்லைன்னு ஒரு சர்ட்டிபிகேட்டும் வேணும். கஸ்டமருங்க கேக்குறாங்க.”

அந்த நிமிஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டீ வந்திருந்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “முடியும் தம்பி” என்றேன்.

டைஅசிட்டைலை எடுத்தால் வெண்ணெய் மணம் செத்துப்போகும். அதற்குப் பதில் தொழிலில் எல்லோரும் எடுப்பது அதன் கூடப்பிறந்த 2,3-பென்டேன்டையோன். இன்னொரு பெயர் அசிட்டைல் புரோப்பியோனைல். ஒரே ஒரு கார்பன் கூடுதல். மணம் அதே. நுரையீரலில் நடந்துகொள்வதும் ஏறக்குறைய அதே. 2012இலேயே நியோஷ் ஆய்வாளர்கள் எலிகளைச் சுவாசிக்கவைத்து மூச்சுக்குழாய் சிதைவதைக் காட்டிவிட்டார்கள். 2016இல் அதே நிறுவனம் வேலையிடக் காற்றில் இரண்டும் எவ்வளவு இருக்கலாம் என்று ஒரே ஆவணத்தில் வரம்பு வைத்தது. டைஅசிட்டைல் நூறு கோடியில் 5 பங்கு. பென்டேன்டையோன் நூறு கோடியில் 9.3 பங்கு. அந்த ஆவணத்தைப் படித்த கையால்தான் சான்றிதழை அடித்தேன்.

நான்காவது வரியையும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபுட் கிரேடு. ஆவியாக்கிப் பயன்படுத்த ஏற்றது.’ அந்தக் கடைசி மூன்று சொற்களைப் பார்ட்டி கேட்டார், நான் அடித்தேன். எனக்கு மூலப்பொருள் விற்ற கம்பெனி அனுப்பிய பாதுகாப்புத் தாள் அதே ஃபைலில், இரண்டு தாள் தள்ளி இருந்தது. ‘ஆவியைச் சுவாசிக்கக் கூடாது’ என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

முதலாளி என்னை வற்புறுத்தவில்லை. சான்றிதழில் என்ன எழுதுகிறேன் என்று அவர் பார்த்ததுகூட இல்லை. பணத்துக்காகவா என்று கேட்டால், அந்தப் பார்ட்டியால் எனக்குத் தனியாக ஒரு ரூபாய் வரவில்லை. முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், அதே டேங்கில் பிஸ்கட்டுக்குக் கலக்கும் ஆட்களைப் பற்றியும் பேச வேண்டிவரும். அந்தப் பேச்சைத் தவிர்க்கத்தான் நான் திறமையான ஒரு வரியைக் கண்டுபிடித்தேன். உண்மையான வரி. அதைப் படித்தவர் யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்.

மாதம் 20 லிட்டர் போனது. பதினான்கு மாதம். பத்தில் ஒரு பங்கு என்று வைத்து, 10 மில்லி பாட்டிலாகக் கணக்குப் போட்டால் 2,80,000 பாட்டில். இந்தக் கணக்கை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. கால்குலேட்டர் மேசை மேலேயே இருந்தது.

எனக்கு எதிராகவே மிகைப்படுத்திச் சொல்லிவிடவும் கூடாது. சாதாரண சிகரெட் புகையில் டைஅசிட்டைல் இதைவிட அதிகம் இருப்பதாக ஆய்வுகள் உண்டு. வேப், அதாவது இ-சிகரெட், பிடித்ததால் பாப்கார்ன் நோய் வந்தது என்று ஐயமில்லாமல் நிரூபித்த நோயாளிகள் வரிசையாக இல்லை. 2019இல் கனடாவில் 17 வயதுப் பையன் ஒருவன் மணமூட்டிய ஜூஸைப் பிடித்து மூச்சு நின்றுபோகும் நிலைக்கு வந்ததையும், அது பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் நோயை ஒத்திருந்ததையும் மருத்துவர்கள் எழுதினார்கள். அவன் கஞ்சாச் சத்தையும் சேர்த்துப் பிடித்தவன். 2019இலும் 2020 தொடக்கத்திலுமாக அமெரிக்காவில் வேப் பிடித்த சுமார் 2,800 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து 68 பேர் இறந்துபோனதற்கு முக்கியக் காரணம் எசென்ஸ் அல்ல, கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் இ அசிடேட். இதெல்லாம் எனக்குத் தெரியும். பல ராத்திரி இவற்றைத்தான் எனக்கு நானே வக்கீலாக நின்று அடுக்கியிருக்கிறேன். ஆனால் யார் நெஞ்சுக்கு என்ன ஆனது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகவா என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள்? தெரிந்ததைத் தாளில் எழுதுவது மட்டும்தான் என் வேலை. அதை நான் செய்யவில்லை.

2018இல் தமிழ்நாடு அரசு இ-சிகரெட்டுக்குத் தடை போட்டது. பார்ட்டி வருவது நின்றது. 2019 செப்டம்பர் 18 அன்று ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரித்தாலோ விற்றாலோ முதல் தடவைக்கு ஓர் ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். செய்தியைக் கேட்டபோது எனக்கு வந்தது நிம்மதி. இனி யாரும் அந்தச் சான்றிதழைத் தேடி வரமாட்டார்கள் என்ற நிம்மதி. நிறுத்தியது அரசாணை. நான் ஒன்றையும் நிறுத்தவில்லை.

ஜூஸை இழுத்தவர்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் அதை எனக்காகக் கலந்தவரைத் தினமும் பார்த்தேன்.

செவ்வாப்பேட்டையிலிருந்து வருவார். கான்ட்ராக்ட் ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் சார் என்பார். காலையில் நான் திருநின்றவூரில் ஏறும் திருவள்ளூர் வண்டியில்தான் இரண்டு ஸ்டேஷன் தள்ளி அவரும் ஏறுவார். புட்லூரில் இறங்கி இருவரும் ஷேர் ஆட்டோ. சாயங்காலம் திரும்பும்போது அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள், பிஸ்கட் வாங்கிட்டுப் போறீங்களா என்று கேட்பார்களாம். புடவையில், தலைமுடியில், டிபன் பாக்ஸில் அந்த வாசம். எத்தனை தடவை தலைக்குக் குளித்தாலும் போகாது என்று சொல்லிச் சிரிப்பார்.

மிக்ஸிங் ரூமில் டேங்கின் மூடியைத் தூக்கி, அரை ஆள் உயரத்துக்குக் குனிந்து கேனைக் கவிழ்க்க வேண்டும். உறிஞ்சு விசிறி ஒன்று உண்டு. சத்தம் அதிகம் என்று அதை நிறுத்தியே வைத்திருந்தார்கள். கார்பன் வடிகட்டி வைத்த முகமூடிகள் ஆறு, ஸ்டோர்ஸ் அலமாரியில் பிளாஸ்டிக் கவரோடு இருந்தன. ஆடிட்காரர்கள் வரும் நாளில் கவர் பிரியும். மற்ற நாளில், “முந்தானையால மூக்க மூடிக்குங்கக்கா” என்பேன். துணி தூசியைத் தடுக்கும். ஆவியைத் தடுக்காது. முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தெரிந்த விஷயம்.

2019 மழைக்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. சளி இல்லாத வறட்டு இருமல். கபசுரக் கஷாயம் குடித்தார், மாத்திரை வாங்கினார். என்னிடம் கேட்டபோது, “தூசி அலர்ஜியா இருக்கும்க்கா” என்றேன். டிராயரில் அந்தப் பிரிண்ட் அடிக்கோடுகளோடு கிடந்தது. 2020இல் ஊரடங்கு வந்தபோது கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். அதோடு அவர் கண்ணில் படவில்லை.

மறுபடி பார்த்தது 2022 மார்கழியில், எங்கள் ஊர் ரயில் நிலைய மேம்பாலப் படிக்கட்டில். பாதியில் நின்று கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, பைக்குள் எதையும் தேடவில்லை. கை உள்ளே அசையாமல் இருந்தது. மூச்சு திரும்பும் வரைக்கும் தேடுவதுபோல் நிற்கிறார். மொத்தப் படியையும் ஏறுவதற்குள் மூன்று தடவை அப்படி நின்றார். நானும் கூடவே நின்றேன்.

இருதயாலீசுவரர் கோயிலுக்கு வந்ததாகச் சொன்னார். பூசலார் நாயனார் கல்லும் காசும் இல்லாமல் நெஞ்சுக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்த ஊர் எங்கள் ஊர். நெஞ்சு நோய் உள்ளவர்கள் வேண்டிக்கொண்டு வருவார்கள். எனக்கு அது சின்ன வயதிலிருந்து நடந்துபோகும் கோயில். அன்றைக்கு அவரோடு வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊதச் சொன்னார்களாம். இன்ஹேலர் கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்களாம். பெரிய வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. புகை பிடிப்பீர்களா, விறகு அடுப்பா என்று கேட்டிருக்கிறார் டாக்டர். கல்யாணமான புதிதில் விறகு அடுப்புதான் என்றிருக்கிறார். என்ன வேலை என்றதற்கு, கம்பெனி வேலை என்று சொல்லியிருக்கிறார். எசென்ஸ் என்ற சொல்லே அந்தச் சீட்டில் இல்லை. இருந்திருந்தாலும் போதாது. எந்த எசென்ஸ், அதில் என்ன, எத்தனை வருஷம், முகமூடி இருந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். அப்போதும் நான், உடம்பைப் பார்த்துக்கோங்கக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருடைய மூச்சிரைப்புக்கு விறகுப் புகையும் காரணமாக இருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’ எனக்கு வசதியாக இருந்தது.

2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். இருபதுக்கு மேல். மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் அதில் 48.6 சதவீதம். சிரப்பில் சேர்க்கும் பி.ஜி.யோடு சேர்ந்து உள்ளே நுழையும் விஷம் அது. 2009இல் அமெரிக்காவில் இ-சிகரெட் குப்பிகளைச் சோதித்தபோதும் ஒன்றில் அது அகப்பட்டது. நான் வருஷக்கணக்கில் பேரல் பேரலாக வாங்கிய அதே பி.ஜி. கூட வரும் சான்றிதழைப் பார்ப்பேன், கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன், டேங்குக்கு அனுப்புவேன். டிவியில் அந்தச் சின்னச் சின்னப் பாடைகளைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு தாளில் ‘ஏற்றது’ என்று எழுதியிருப்பார். அந்தக் கையை எனக்குத் தெரியும். என்னுடையதைப் போலத்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கடிதம் எழுதினேன். மருத்துவருக்கு என்று போட்டு, அக்கா எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை மிக்ஸிங் ரூமில் இருந்தார், வாரத்துக்கு எத்தனை பேட்ச், ஒவ்வொன்றிலும் டைஅசிட்டைல் எத்தனை லிட்டர், 2017 முதல் பென்டேன்டையோன் எத்தனை லிட்டர், விசிறி ஓடவில்லை, முகமூடி கொடுக்கவில்லை. கீழே என் முழுப் பெயர், அப்போது நான் பார்த்த பொறுப்பு. எடுத்துக்கொண்டு செவ்வாப்பேட்டை போனேன்.

திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தூசு பறக்கும் என்று மருமகள் முறத்தை வாங்கிக்கொண்டாள். படிச்சுக் காட்டுங்க சார் என்றார். படித்தேன். இங்கிலீஷ் பெயர்களைத் தமிழில் மெதுவாகச் சொல்லிச் சொல்லிப் படித்தேன். பென்டேன்டையோன் என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்த மஞ்சக் கேன்ல வருமே, அதா?”

“ஆமாக்கா.”

“அதுல பேரு போட்ட ஸ்டிக்கர உரிச்சிட்டு நம்பர் மட்டும் ஒட்டச் சொன்னீங்க. நான்தான் ஒட்டினேன். பார்ட்டி வரான், பாத்துடப் போறான்னீங்க.”

அதை நான் மறந்தே போயிருந்தேன். அவர் சொன்ன பிறகு, தண்ணீரில் ஊறவைத்து நகத்தால் அவர் அந்தத் தாளைச் சுரண்டி எடுத்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. பேனாவை வாங்கி, அதையும் கடிதத்தின் அடியில் எழுதினேன்.

கடிதத்தை நான்காக மடித்து, எக்ஸ்ரே வைத்திருந்த பெரிய கவருக்குள் போட்டார். செவ்வாய்க்கிழமை நெஞ்சு ஓ.பி. உண்டு என்றார். டாக்டர் ஏதாவது கேட்டால் தனக்குச் சொல்லத் தெரியாது, நீங்களும் வாங்க சார் என்றார். வருகிறேன் என்று சொன்னேன்.